மாமனாரின் இசைத்தட்டில் என் கட்டைவிரல்

நான் வாழ்க்கையில் ஒரே ஒருமுறைதான் தொலைக்காட்சி நிபுணராக இருந்திருக்கிறேன். மொத்தம் நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடத்தில் நான் செய்த காரியத்தை எங்கள் குடும்பம் இன்றுவரை மறக்கவில்லை, மறக்க விடவும் இல்லை. மைக் கைக்கு வந்துவிட்டால் 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல வாய் வருவதில்லை. எனக்கும் வரவில்லை. அது முதல் தப்பு. கைப்பையில் தீப்பெட்டி வைத்திருந்தது இரண்டாவது தப்பு.

தீப்பெட்டி எதற்கு என்று கேட்பீர்கள். நான் அப்போது காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு ஜவுளிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்கு ஒரு யூடியூப் சேனல் உண்டு. அதில் வந்து பேசுகிறவள் நான்தான். புடவையின் முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஓர் இழையை உருவுவேன். தீக்குச்சியைக் கிழிப்பேன். "பாருங்க மேடம், முடி கருகுற வாசன வருதா? சாம்பல் பொடிப் பொடியா உதிருதா? அப்ப இது சுத்தப் பட்டு!" என்பேன். எங்கள் ஊரில் இது குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம். ஆனாலும் நான் செய்தால் லைக் குவியும். (என் கைப்பையில் லிப்ஸ்டிக் இல்லாத நாள் உண்டு, தீப்பெட்டி இல்லாத நாள் கிடையாது.)

எனக்குக் கல்யாணமாகி மூன்றே மாதம் ஆகியிருந்தது. பொங்கல் சமயம். உள்ளூர் கேபிள் சேனல் நடத்தும் ரவி, காலையிலேயே எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். 'பரண்மேல் பொக்கிஷம்' என்று ஒரு நேரடி நிகழ்ச்சியாம். ஊர்க்காரர்கள் வீட்டிலிருக்கும் பழைய பொருட்களைக் கொண்டுவருவார்கள். நிபுணர் ஒருவர் பார்த்து அதன் பெருமையைச் சொல்வார். சென்னையிலிருந்து வரவேண்டிய நிபுணருக்கு வயிறு சரியில்லையாம்.

"அக்கா, நீங்கதான் காப்பாத்தணும். நீங்க எதச் சொன்னாலும் ஊரு நம்புது" என்றான்.

'எனக்குப் பழைய பொருளைப் பற்றி ஒன்றுமே தெரியாதே' என்றுதான் நான் சொல்லியிருக்க வேண்டும். நான் கேட்டது, "எத்தன மணிக்கு வரணும்?"

உள்ளே தறிக் குழியில் உட்கார்ந்திருந்த என் மாமனார் ஏகாம்பரம் அப்படியே எழுந்து வந்துவிட்டார். எழுபது வயதைத் தாண்டியவர். முகமெல்லாம் பல்.

"எங்க மருமக டிவியில எக்ஸ்பர்ட்டா! அப்பன்னா நானும் நம்ம பொட்டிய எடுத்துக்கினு வரேன்மா. அங்கயே எல்லாருக்கும் முன்னாடி போட்டுக் கேட்டுடலாம்" என்றார்.

பெட்டி என்று அவர் சொன்னது கிராமபோனை. பித்தளைப் புனல் வைத்தது. அதோடு ஓர் இசைத்தட்டு. ஒன்றே ஒன்று. அதில் பாடியிருப்பவர் என் மாமனாரின் அப்பா. நாடகக் கம்பெனியில் பாடி நடித்தவர். ஒரேயொரு இசைத்தட்டில் பாடியவர், மகனுக்குப் பத்து மாதம் ஆனபோது காய்ச்சலில் போய்விட்டார். "அவரு குரலக் கேட்டா என்னால தாங்க முடியாது" என்று மாமனாரின் அம்மா அந்த இசைத்தட்டைப் புடவைப் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டிவிட்டார். அவர் இருந்தவரை யாரும் அதைத் தொடவில்லை. அவர் போனபிறகு கிராமபோன் ஓடவில்லை. பல வருஷம் கழித்து, போன வாரம்தான், கடிகாரம் பழுதுபார்க்கும் பாஷா பாய் அதன் சுருள்வில்லைச் சரிசெய்து, புது ஊசியும் போட்டுக் கொடுத்திருந்தார். பொங்கலுக்குப் போட்டுக் கேட்கலாம் என்று மாமனார் காத்திருந்தார்.

ஆக, என் மாமனார் நினைவு தெரிந்ததிலிருந்து தன் அப்பாவின் குரலைக் கேட்டதே இல்லை. அன்றைக்குத்தான் கேட்கப் போகிறார். அந்த இசைத்தட்டை என் கையில் கொடுக்கப் போகிறார். (இதை எழுதும்போதே எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது.)

ஆட்டோவில் போகும்போது நான் அவசர அவசரமாக மொபைலில் தேடிப் படித்தேன். 'பழைய இசைத்தட்டுகள் அரக்கால் ஆனவை' என்று இருந்தது. ஆகா, ஒரு விஷயம் கிடைத்துவிட்டது! அடுத்த வரியைப் படிப்பதற்குள் கல்யாண மண்டபம் வந்துவிட்டது. அந்த அடுத்த வரியை மறுநாள் படித்தேன். 'எனவே வெப்பம் படாமல் பாதுகாக்க வேண்டும்.'

மண்டபத்தில் கூட்டமான கூட்டம். மேடையில் பட்டுத்துணி விரித்த மேசை, இரண்டு கேமரா, பளீரென்று விளக்கு. என் பெயருக்குக் கீழே 'பழம்பொருள் நிபுணர்' என்று திரையில் ஓடியதைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நெஞ்சு படபடவென்று அடித்தது. பயத்தில் இல்லை, சந்தோஷத்தில்!

முதலில் ஒரு அம்மா பித்தளைக் கூஜா கொண்டுவந்தார். நான் அதைத் தட்டிப் பார்த்தேன். முகர்ந்தும் பார்த்தேன். (ஏன் முகர்ந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.) "இது நிச்சயமா முன்னூறு வருஷத்துக்கு முன்னாடி செஞ்சது" என்றேன். கைதட்டல் எழுந்தது.

அந்த அம்மா என் காதருகே குனிந்தார். "அடியில திருப்பிப் பாருமா. என் கல்யாணத்துக்கு எங்கப்பா பேரு வெட்டிக் குடுத்தது."

மைக் அதையும் ஊருக்குச் சொல்லிவிட்டது. மண்டபம் சிரித்தது. அங்கேயே நான் இறங்கி வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் விட்ட மானத்தைப் பிடித்தே ஆகவேண்டும் என்று ஒரு வெறி வந்துவிட்டது எனக்கு.

அடுத்து என் மாமனார். வெள்ளை வேட்டி, ஜரிகைத் துண்டு, நெற்றி நிறைய விபூதி. பாஷா பாய் கிராமபோனைத் தூக்கிக்கொண்டு வர, இவர் இசைத்தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். முதல் வரிசையில் என் மாமியார்.

நான் வேலையை ஆரம்பித்தேன். கைப்பிடியைப் பிடித்துச் சாவி கொடுத்தேன், கொடுத்தேன், கொடுத்துக்கொண்டே இருந்தேன். "போதும்மா, போதும்! ஸ்பிரிங் அறுந்துடும்!" என்று பாஷா பாய் அலறினார். ஊசி மாட்டியிருந்த தலையைக் காட்டி, "இதுதான் மைக்கு, இதுல பேசுனா அதுல கேக்கும்" என்று விளக்கினேன். பாஷா பாய் கண்ணை மூடிக்கொண்டார். இசைத்தட்டை உறையிலிருந்து எடுத்து, புடவையின் ஜரிகையைத் தடவிக் காட்டுவதுபோல ஐந்து விரலாலும் அதன் கோடுகளைத் தடவிக் காட்டினேன்.

"இது அரக்குல செஞ்சது" என்றேன் கம்பீரமாக. எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான்.

இரண்டாவது வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். "ஏம்மா, இப்பல்லாம் எல்லாத்துலயும் டூப்ளிகேட் வந்துக்கினு இருக்குது. இது ஒரிஜினல் அரக்குதான்னு எப்டிம்மா சொல்ற?"

எங்கள் ஊரில் 'டூப்ளிகேட்' என்ற சொல்லைச் சாதாரணமாகச் சொல்லிவிட முடியாது. தலைமுறை தலைமுறையாகச் சுத்தப் பட்டும் சுத்த ஜரிகையும் நெய்கிறவர்களிடம் போய் அந்தச் சொல்லைச் சொன்னால் சாப்பாட்டை விட்டுக்கூட எழுந்து சண்டைக்கு வருவார்கள். மண்டபம் முழுக்கச் சலசலப்பு. என் மாமனாரின் முகம் சிவந்துவிட்டது.

"நம்ம வூட்டுச் சரக்கையா டூப்ளிகேட்டுன்ற? தேவகி, நீ கொளுத்திக் காட்டும்மா!"

"ஆமாமா, கொளுத்திப் பாத்துடு!" என்று நாலு பக்கத்திலிருந்தும் குரல் வந்தது. ஒருவர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. (பாஷா பாய் மட்டும் சொன்னார். அவரிடம் மைக் இல்லை.)

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கடைசியில் எனக்குத் தெரிந்த வித்தைக்கே வந்து நிற்கிறார்கள்! கைப்பையைத் திறந்தேன். கேமராவைப் பார்த்துச் சிரித்தேன். தீக்குச்சியைக் கிழித்து, இசைத்தட்டின் ஓரத்துக்குக் கீழே பிடித்தேன்.

ஒரு விஷயத்தை நான் யோசிக்கவே இல்லை. புடவையின் ஓரத்தில் உபரி நூல் உண்டு, அதைக் கொளுத்தினால் புடவைக்கு ஒன்றும் ஆகாது. இசைத்தட்டுக்கு உபரி ஓரம் கிடையாது. பாட்டே ஓரத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

தபாலாபீஸில் பார்சலுக்கு முத்திரை வைக்கும் வாசனை மண்டபம் முழுக்கப் பரவியது. "ஒரிஜினல் அரக்கு!" என்று கூவினேன். படபடவென்று கைதட்டல். கைதட்டல் ஓய்ந்தபோதுதான் பார்த்தேன், ஓரம் கொப்புளித்து, அப்பளம் மாதிரி மேலே வளைந்துகொண்டிருந்தது. பதறிப்போய் அதைச் சமமாக்கலாம் என்று கட்டைவிரலால் அழுத்தினேன். சுட்டது. அப்படியும் விடாமல் அழுத்தினேன். விரலை எடுத்தபோது இசைத்தட்டின் ஓரத்தில் என் கட்டைவிரல் ரேகை, பத்திரப் பதிவு ஆபீஸில் வைத்ததுபோல, அச்சாகப் பதிந்திருந்தது. அதன் பக்கத்திலிருந்து மெல்லிய விரிசல் ஒன்று உள்ளே ஓடியது.

"ஒரு சிறிய விளம்பர இடைவேளை" என்று ரவி அவசரமாகச் சொன்னான்.

நான் என் மாமனாரைப் பார்த்தேன். அவர் இசைத்தட்டை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அந்த ரேகையைத் தன் விரலால் மெதுவாகத் தடவினார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "நான்தானம்மா கொளுத்தச் சொன்னேன்" என்று மட்டும் சொன்னார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. 'நிபுணர்' மேடையிலேயே மூக்கைச் சிந்திக்கொண்டு ஓவென்று அழுதாள். என் மாமியார் மேடைக்கு ஏறிவந்து தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார். "அழாதடி, விளம்பரம் முடியப் போவுது" என்றார்.

பாஷா பாய்தான் முன்னால் வந்தார். இசைத்தட்டை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ஊதினார். மறுபடியும் பார்த்தார்.

"அண்ணே, ஓரம் மட்டும்தான் போயிருக்குது. உள்ள ஷோக்காக் கீது. அரக்கு இறுகிடுச்சி. ஊசியத் தள்ளி வெச்சிப் பாக்கட்டுமா?"

மாமனார் தலையை அசைத்தார். பாஷா பாய் இசைத்தட்டைச் சுழல விட்டார். என் கட்டைவிரல் ரேகை சுற்றிச் சுற்றி வந்தது. அதைத் தாண்டி உள்ளே, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஊசியை இறக்கினார்.

கர்ர்ர்... டக். டக். விரிசலில் ஊசி இரண்டு தடவை இடித்தது. மூன்றாவது சுற்றில் புனலுக்குள்ளிருந்து ஒரு குரல் பாய்ந்து வந்தது பாருங்கள்!

"...தானே வருவாள், தாமரைக் குளத்தோரம்!"

கணீரென்ற குரல். மேல் சுருதியில் ஏறி, அங்கேயே நின்று, ஒரு சுழற்றுச் சுழற்றி இறங்கியது. மண்டபத்தில் ஒரு குழந்தைகூடச் சிணுங்கவில்லை. என் மாமனார் எழுந்து நின்றுவிட்டார். துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார், சாமி புறப்பாட்டில் நிற்பதுபோல. இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பாடியிருக்கும். முடிந்ததும் அவர் எங்கள் பக்கம் திரும்பினார். கன்னமெல்லாம் கண்ணீர்.

"இது என் கொரலு! கேட்டியா? நான் குளிக்கச் சொல்லோ பாடுற அதே கொரலு! எங்கப்பனுக்கும் மூக்குலதான் வருது!"

அவர் சிரித்தார். என் மாமியார் சிரித்தார். நான் அழுதுகொண்டே சிரித்தேன். இடைவேளை எப்போதோ முடிந்து, இதெல்லாம் அப்படியே நேரலையில் போய்க்கொண்டிருந்தது என்பது எங்களில் யாருக்கும் தெரியவில்லை. "இன்னொரு வாட்டி போடுங்க பாய்!" என்று முதலில் கத்தியவர், 'டூப்ளிகேட்' என்று கிளப்பிவிட்ட அதே பெரியவர்தான். அன்றைக்கு ஆறு முறை போட்டார்கள். கொண்டுவந்த மற்றப் பொக்கிஷங்களையெல்லாம் ஒருவரும் சீண்டவில்லை.

அதற்குப் பிறகு என்னை எந்தச் சேனலும் நிபுணராகக் கூப்பிடவில்லை. வீட்டில் மட்டும் பதவி நிலைத்துவிட்டது. நெய் வாங்கினாலும், தேன் வாங்கினாலும், என் நாத்தனாருக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும்கூட, "ஒரிஜினல்தானான்னு தேவகியக் கொளுத்திப் பாக்கச் சொல்லு" என்பார் மாமனார். நான் சமையலறைக்குள் நுழைந்தால் தீப்பெட்டியை எடுத்து மடியில் கட்டிக்கொள்வார் மாமியார்.

அந்தப் பாட்டு இப்போது எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் மனப்பாடம். கல்யாணம், காதுகுத்து, எதுவானாலும் பாடுவார்கள். பாட ஆரம்பிக்கும் முன்பு எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் பலகையிலோ சுவரிலோ 'டக், டக்' என்று இரண்டு தட்டுத் தட்டவேண்டும். அப்புறம்தான் 'தானே வருவாள்'. வருகிறவள் யார் என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது. அது என் கட்டைவிரலுக்கு அடியில் போய்விட்டது. வள்ளியாக இருக்கும் என்பது மாமனாரின் கட்சி. மாமியாருக்கு வேறு சந்தேகங்கள் உண்டு.

போன மாதம் என் மகள் பள்ளிக்கூடப் பாட்டுப் போட்டியில் அதையே பாடினாள். மேடை ஏறியவள் மைக்கை 'டக், டக்' என்று இரண்டு தடவை தட்டிவிட்டுத்தான் ஆரம்பித்தாள். மாமனார் முதல் வரிசையில் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். பாடி முடித்ததும் பாட்டு டீச்சர் அவளைக் கூப்பிட்டு, "நல்லா பாடினம்மா. ஆனா பாட்டு நடுவுலேர்ந்து ஆரம்பிக்கிற மாதிரி இருக்குதே, மொத வரி எங்க?" என்று கேட்டார்.

என் மகள் மைக்கை விட்டு நகராமல், அரங்கம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"அத எங்கம்மா கொளுத்திட்டாங்க மிஸ்."