வற்றுப் பெருக்கும் கலாவதியும்

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வெங்காயத்தையும் தொடுவதில்லை என்று சபதம் எடுத்தேன். நியாயமா இல்லையா, நீங்களே சொல்லுங்கள். கிழமையில் ஆறு நாள் லாச்சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் வெங்காயம் வெட்டுகிறவன் நான். ஏழாம் நாள் என் மனைவி கலாவதியின் தமையன் தவரத்தினம் ஓல்னே நகரில் மகளுக்குப் பிறந்தநாள் மத்தியான விருந்து வைக்கிறாராம். நூற்றிருபது பேர்! "மச்சான்ர கை பட்டாத்தான் கறி ருசி" என்பார். அவருடைய கை மட்டும் எதிலும் படாது.

மேல்மாடி சிரிலிடம் இரண்டு தூண்டில்கள் இருந்தன. றுவான் நகரத்துப் பக்கம் சேன் ஆற்றில் ஆளுயர ஸ்டர்ஜன் மீன் ஒன்றை யாரோ கண்டார்களாம். எனக்கு அது போதும்.

"ஞாயிறு நான் ஸ்டர்ஜன் பிடிக்கப் போறன்," என்றேன் கலாவதியிடம்.

"சர்ஜனோ? ஆருக்கப்பா ஒப்பரேசன்?"

"ஸ்டர்ஜன்! மீன்!"

"அடுத்த கிழமை போனா மீன் செத்திடுமோ?"

"உமக்கென்ன தெரியும்? கடல் பெருக்கு றுவான் வரைக்கும் ஆத்திலை ஏறும். ஏறி முடிஞ்சு, திரும்பி வத்த முதல், தண்ணி கொஞ்ச நேரம் அசையாமல் நிக்கும். அப்பதான் அது அடியிலை மேய வரும்."

"பிறகு?"

"பிறகு தண்ணி ஓட்டம் பிடிச்சிடும். எவ்வளவு ஈயம் கட்டினாலும் தூண்டில் அடியிலை நில்லாது. ஞாயிறை விட்டா அந்த நேரம் வாய்க்காது!"

அத்தனையும் சிரிலின் கைபேசியில் பத்து நிமிடம் பார்த்துப் பெற்ற ஞானம்.

கலாவதி வாதாடவில்லை. "ஓமப்பா, போட்டு வாங்கோ," என்றாள். பாணும் கட்டித் தந்தாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஆற்றங்கரையில் எனக்கும் சிரிலுக்கும் முழங்கால் வரை சேறு. குளிர் காதைப் பிய்த்தது. பத்தரைக்கு ஆறு உண்மையாகவே நின்றது. மிதந்து வந்த போத்தல் ஒன்று போகும் திசை தெரியாமல் அங்கேயே சுற்றியது. மீன் வரவில்லை. வராவிட்டால் என்ன? ஓல்னேயில் வேறு எவனோ கண்ணீர் வடிக்கிறான் என்ற ஆனந்தத்தில் பாணைக் கடித்தேன்.

பதினொன்றுக்குக் கைபேசி அடித்தது. கலாவதி.

"என்னப்பா, ஓட்டம் பிடிச்சிட்டுதோ?"

"சே! தண்ணி அப்பிடியே நிக்குது. பின்னேரம் வரைக்கும் நிக்கும்."

"அண்ணை!" பக்கத்தில் சிரில் அலறினான். "ஈயத்தையும் இழுத்துக்கொண்டு போகுது! இனி நிண்டு பிரயோசனமில்லை!"

"அவர் சொல்லுறது சரி," என்றாள் கலாவதி. "பத்து நாப்பதுக்கு வத்துத் தொடங்குமெண்டு பெருக்கு அட்டவணையிலை கிடக்கு. புதன்கிழமையே பாத்திட்டன்."

கேளுங்கள் அநியாயத்தை! நான் கற்றுக்கொடுத்த பாடத்தை என்னிடமே ஒப்புவிக்கிறாள்!

"ஸ்டர்ஜன் பிடிபட்டா?"

"அது அழிஞ்சு போற இனமாம். உடனை ஆத்திலை விடவேணுமாம். அதுக்கு அரை நிமிசம் காணும். பன்னிரண்டரைக்கு ரெயின் இருக்கு."

"நான் வாறதுக்குள்ளை மத்தியான விருந்தே முடிஞ்சிடும்! பிறகு நான் என்னத்துக்கு?"

"மத்தியானமோ? உங்கட பெருக்கு நேரத்தைச் சொல்லித்தான் அண்ணையைக் கொண்டு விருந்தை இரவைக்கு மாத்துவிச்சனான்."

கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டுத் திரும்பினேன். சிரில் தூண்டில்களைச் சுருட்டிப் பைக்குள் வைத்துவிட்டு, நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். தேங்காய் துருவுவதற்கு அவனை வியாழக்கிழமையே பிடித்துவிட்டாளாம்.