முதல் பாடத்து உலோக நிபுணர்

பொறியாளர்களால் யாருக்கும் ஆபத்தில்லை. பேராசிரியர்கள் அவர்களைவிடச் சாது. பொருளறிவியல் புத்தகத்தில் முதல் பாடத்தை மட்டும் முடித்துவிட்டு, செமஸ்டர் லீவுக்கு ஊர் திரும்புகிறாரே, அந்த இனத்தைப் பார்த்திருக்கிறீர்களா?

டீ கொடுத்தால் குடிக்க மாட்டார். டம்ளரைத் தட்டி ஓசை கேட்பார், எவர்சில்வர் என்று வீட்டுக்கே தெரிந்ததை 'குரோமியம் கலந்த எஃகு' என்று திருத்துவார், பிறகு கொடிக்கம்பி, கதவுக் கீல், மிக்ஸி ஜார் என்று ஒவ்வொன்றாக விசாரித்து, எது எப்போது உடையும் என்று நாள் குறிப்பார். எதுவும் உடையாது. அதில் அவருக்கு வருத்தம்தான்.

கொல்லிமலை அடிவாரத்து மிளகு வியாபாரி ஜாபர் உசேனின் மகள் ஹுமாவுக்கு இப்படி ஒரு தம்பி வாய்த்திருந்தான். பெயர் அனஸ். 1999-இல் பிலால் என்ற பையனின் சம்பந்தம் வந்தபோது, என்ன வேலை என்றுகூடக் கேட்காமல் அவள் தலையாட்டியதற்கு ஒரே காரணம், அந்த வீட்டில் அனஸ் இருக்க மாட்டான்.

இரண்டு குடும்பமும் ஒரே வேனில் கொல்லிமலை ஏறி, வாசலூர்பட்டி ஏரிக்கரையில் சாதாரணமாகப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. சாதாரணமாகவா?

"வளைவுக்கு வளைவு வேனுக்கு அடியில இருக்கற வில்லுப் பட்டை களைச்சுப் போகுதுங்க. ஒருநாள் சொல்லாம முறியும்," என்று கொண்டை ஊசி வளைவு தவறாமல் அறிவித்தான் அனஸ். கண்ணை மூடி ஓத ஆரம்பித்த பிலாலின் அம்மா நஜிமா, ஏரி வந்த பிறகுதான் திறந்தார்.

கரையில் பலாச்சுளை தின்றபடி பிலாலின் அத்தா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அனஸ் அதை வாங்கிக்கொண்டான்.

"பாருங்க மாமா, இந்தக் காம்பை லேசா வளைச்சா பழைய எடத்துக்கே வந்துரும்."

"அனசு, கம்முனு குடுத்துரு," என்றாள் ஹுமா.

"எல்லையத் தாண்டினா வராதுங்க."

தாண்டினான். வரவில்லை. நிமிர்த்தப் பார்த்தான். காம்பு கையோடு வந்துவிட்டது.

"ஏனுங்க, கெளம்பலாமுங்களா?" என்று கணவரைக் கேட்டார் நஜிமா. சம்பந்தம் போயிற்று என்று முடிவுகட்டினாள் ஹுமா.

அதுவரை வாயே திறக்காத பிலால், உடைந்த துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

"மச்சான், முறிஞ்ச எடத்தைப் பாருங்க, சொரசொரன்னு இருக்குது. போன மாசந்தான் பாலிடெக்னிக்ல இந்தப் பாடம் நடத்த ஆரம்பிச்சேன்."

இருவரும் துண்டும் கையுமாகத் தோளோடு தோள் உரச உட்கார்ந்துவிட்டார்கள். பெரியவர்கள் மனம் குளிர்ந்து அங்கேயே தேதி குறித்தார்கள். ஹுமாவை யாரும் கேட்கவில்லை. அவள்தான் எப்போதோ சம்மதித்துவிட்டாளே.

அது சரி, கண்ணாடிக் காம்பு அவ்வளவு சுலபத்தில் முறியாதே, எந்த உலோகக் கலவையாக இருக்கும் என்று இவ்வளவு நேரமும் யோசித்துக்கொண்டிருந்தீர்களே, உங்கள் வீட்டில் யார் யார் உங்களிடமிருந்து தப்ப எந்தச் சம்பந்தத்துக்கும் தயாராகக் காத்திருக்கிறார்களோ?