லேக் வியூ சாரின் ஒன்பதாவது மாடி

பெங்களூரில் பொய்யே சொல்லாமல் ஏரிக்கரை ஃபிளாட் விற்ற ஒரே மனிதர் எங்கள் லேக் வியூ சார்தான். அது தெரியாமல் மொத்த ஆபீஸும் அவரை ஆகாசப் புளுகர் என்று நம்பிக்கொண்டிருந்தது.

ஹெப்பகோடி தாண்டி ஓர் ஏரி. அதன் கரையில் ஒரு பில்டர் ஆடம்பர அடுக்குமாடி கட்டினார். நான் சேல்ஸ், சார் டிசைனர். பெங்களூருக்குள்ளேயே காக்ஸ் டவுன்காரர். அறுபதை நெருங்கும் வயதிலும் இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. அவருக்கு ஒரே ஒரு கொள்கை, வீட்டில் எங்கே நின்றாலும் ஏரி தெரிய வேண்டும். ஹாலுக்கும் பால்கனிக்கும் நடுவே சுவரே கிடையாது, மடக்கித் தள்ளும் கண்ணாடிக் கதவுதான். சமையலறையில் தோசை திருப்பினால் ஏரி. கழிப்பறையில் உட்கார்ந்தால் ஏரி.

"அங்க எதுக்கு சார் அவ்ளோ பெரிய ஜன்னல்?" என்று கேட்டேன்.

"மனுஷன் நிம்மதியா உக்கார்ற எடம் அது ஒண்ணுதாம்மா" என்றார்.

ஏரி கண்ணுக்கு அழகுதான். தண்ணீர் தெரிந்தால் அவர் லேக் வியூ என்பார். ஆகாயத்தாமரை மூடிவிட்டால் கார்டன் வியூ. மழைக்காலத்தில் நுரை பொங்கினால் ஸ்னோ வியூ. ஆனால் நாற்றம் இருக்கிறதே, ஆம்பூரில் தோல் பதனிடும் தொழிற்சாலைகளுக்கு நடுவே வளர்ந்த எனக்கே முதல் நாள் மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

அதற்கு எங்களிடம் ஒரு ஏற்பாடு இருந்தது. ஏரிப் பக்கமிருந்து காற்றடித்தால் மேனேஜர் வாட்ஸப் குரூப்பில் "காத்து திரும்பிருச்சு" என்று போடுவார். உடனே மாடல் ஃபிளாட்டின் கதவுகளைச் சாத்தி, ஏசியைப் போட்டு, ஊதுவத்தி கொளுத்திவிட்டு, வந்த கஸ்டமரை முதலில் ஜிம்மைப் பார்க்கக் கூட்டிப்போவோம். சார் பின்னாலேயே போய் எல்லாக் கதவையும் திறந்து வைப்பார்.

"லேக்க உள்ள விடுங்கப்பா."

மைசூரிலிருந்து வந்த ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏனு சார், இஷ்டு வாசனெ?" என்றார், என்ன இவ்வளவு நாற்றம் என்று கன்னடத்தில். சார் பால்கனியில் நின்று நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து விட்டார். பன்னீர் தெளித்த மாதிரி அப்படி ஒரு முகம். அதைப் பார்த்து அந்த மனிதருக்குத் தன் மூக்கின் மேலேயே சந்தேகம் வந்து, அன்றைக்கே ஃபிளாட்டை புக் செய்துவிட்டுப் போனார். என்ன நடிப்பு என்று நாங்கள் வியந்தோம்.

"வெலயக் கொறைக்கறதுக்கு மூக்கப் பொத்துறாங்கம்மா. பழைய டெக்னிக்" என்று சார் என்னிடம் சொன்னார்.

பிறகு அவரே காக்ஸ் டவுன் வீட்டில் தன் பங்கை விற்று, ஒன்பதாவது மாடி மூலை ஃபிளாட்டை வாங்கினார். நல்ல விலை வந்தால் தள்ளிவிடத்தான் என்று நினைத்தோம். மனிதர் குடியே வந்துவிட்டார்.

வீடு மந்திரிக்க வந்த ஃபாதர் பால்கனிப் பக்கம் வந்ததும் ஜெபத்தை எக்ஸ்பிரஸ் வேகத்தில் முடித்தார். சாரின் மனைவி மேரி ஆன்ட்டி, ரிடையரான டீச்சர், ஆஸ்துமாக்காரர். கணவர் அந்தப் பக்கம் திரும்பினால் முந்தானை மூக்குக்குப் போகும், இந்தப் பக்கம் திரும்பினால் இறங்கிவிடும். நான் பார்த்துவிட்டதை ஆன்ட்டியும் பார்த்துவிட்டார். சமையலறையில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கொரோனா வந்து போனதுல இருந்து அவருக்கு மூக்கு செத்துப்போச்சும்மா. வயசாயிருச்சுன்னு ஒதுக்கிருவாங்கன்னு யார்ட்டயும் சொல்லல."

அப்படியானால் அந்த மனிதர் நடிக்கவே இல்லை.

"ஜனங்க மூக்கப் பொத்துறாங்களே, நெஜமா நாறுதான்னு எங்கிட்ட கேட்டாரு. அட்வான்ஸ் குடுத்தாச்சு. இல்லன்னுட்டேன்."

"ஆன்ட்டி, உங்களுக்கு வீசிங் இருக்கே."

"முப்பது வருஷமா ஊருக்கெல்லாம் வீடு வரைஞ்சாரு. இப்பதான் தனக்குன்னு ஒண்ணு. சொல்லிராதம்மா."

அதன் பிறகு சாயங்காலம் ஆனால் இருவரும் பால்கனியில் உட்காருவார்கள். "பாரு மேரி" என்று அவர் ஏரியைக் காட்டுவார். ஆன்ட்டி இன்ஹேலரை இடுப்பில் செருகிக்கொண்டு பார்ப்பார். அக்கம்பக்கத்து ஃபிளாட்டுகளில் ஜன்னலை டேப் போட்டே ஒட்டிவிட்டார்கள். ஏரி முழுக்கத் தனக்கே கிடைத்ததாக சாருக்கு அதிலும் பெருமை.

மழைக்காலத்தில் ஸ்னோ வியூ வந்தது. ஆன்ட்டியை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் பார்க்கப் போயிருந்தபோது டாக்டர், "வீட்டுக்கிட்ட சாக்கடை, கெமிக்கல் நெடி ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

"நோ டாக்டர். லேக் ஃபேசிங்" என்றார் சார். அந்த நிலையிலும் குரலில் பெருமை.

ஆக்ஸிஜன் மாஸ்க்குக்கு மேலே ஆன்ட்டியின் கண்கள் என்னைக் கெஞ்சின. என்னால் இனியும் மறைக்க முடியவில்லை.

"சார், ஏரி நாறுது. மொத நாள்ல இருந்தே நாறுது."

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. ஆன்ட்டியிடம் திரும்பினார்.

"நல்லாருக்குன்னு சொன்னியே மேரி."

ஆன்ட்டி கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாளே கொத்தனாரைக் கூப்பிட்டுக் கண்ணாடிக் கதவைக் கழற்றி, அந்த இடத்தில் செங்கல் சுவர் எழுப்ப ஆரம்பித்தார். மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார். "சார், வியூ போயிரும் சார்!"

"போவட்டும்" என்றார், அந்த வியூவுக்காகவே வாழ்ந்த மனிதர். கழிப்பறை ஜன்னலைக்கூட விடவில்லை. சுவர் எழும்பிவிட்டது. அதற்குள் அடங்கி உட்கார ஆன்ட்டிதான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரவில்லை. ஏரி மட்டுமே காரணமில்லை என்று டாக்டர் சொன்னார். சார் காதில் விழுந்தது ஏரி மட்டும்தான்.

இப்போது வேலையை விட்டுவிட்டு அங்கேயேதான் இருக்கிறார். விற்கவும் முடியவில்லை. யாராவது வீடு பார்க்க வந்தால் லிஃப்ட் வாசலிலேயே நிறுத்தி, "நாறும் சார், எனக்குத் தெரியாது, ஆனா நாறும்" என்கிறார். வந்தவர்கள் அதே லிஃப்டில் இறங்கிப்போகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போவேன். போனதும் பால் பாத்திரத்தை நீட்டுவார்.

"கெட்டுருச்சா பாரும்மா. மேரிதான் மோந்து சொல்லுவா."

எத்தனை சுவர் வைத்தாலும் அந்த வீட்டில் ஏரி நெடி போகவில்லை. பாலை மோந்தால் எனக்கும் ஒன்றும் விளங்காது. அவரிடம் இன்னொரு பொய் சொல்லவும் மனசு வராது. அதனால் ஒரு வாய் நானே குடித்துப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு சார்" என்று கையில் கொடுக்கிறேன்.