நாலாவது சீட்டில் வேற்றுக்கிரகவாசி

காலையில் பம்பாய் லோக்கலில் ஏறுகிறவன் எவனானாலும் தேடுவது ஒன்றைத்தான்: உட்கார ஓர் இடம். எண்பதுகளில் ஒரே ஒருவர் மட்டும் வேற்றுக்கிரகவாசியைத் தேடினார். அப்படி இன்னொரு ஆள் இந்தப் பூமியில் இருந்தால் என்னிடம் கூட்டி வாருங்கள். நான் சொன்னது தப்பு என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

தினம் ஒரே பெட்டியில் போகும் எங்கள் வண்டிக்கூட்டத்தில் அவருக்குத் தட்டு மாமா என்று பெயர். பறக்கும் தட்டால் வந்த பெயர். பாலக்காட்டுக் குடும்பம் என்றாலும் பிறந்ததே மாட்டுங்காவில்தான். குடியிருந்தது செம்பூர், வேலை ஃபோர்ட்டில் ஓர் இன்சூரன்ஸ் ஆபீஸில் ஹெட் கிளார்க். நெற்றியில் விபூதி, தோளில் டிபன் பை. பார்த்தால் பைத்தியம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வாயைத் திறந்தால் சொல்வார்கள்.

"அவா ஏற்கெனவே வந்தாச்சுடா. பம்பாய்லதான் இருக்கா" என்பார்.

"ஏன் மாமா, மெட்ராஸ்ல இறங்கக் கூடாதா?" என்று கேட்பார் சேஷாத்ரி. அவர் எங்கள் கூட்டத்தில் சீட்டாட்ட மன்னன்.

"மெட்ராஸ்ல இறங்கினா, எந்த ஊர், எந்தத் தெரு, யார் பிள்ளைன்னு ஒரு மணி நேரத்துல கண்டுபிடிச்சுடுவா. இங்க எவன் கேக்கறான்? மூணு கண்ணோட வந்தாக்கூட, கதவண்ட நிக்காதே, உள்ள போன்னுதான் தள்ளுவான்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல்.

கண்டுபிடிக்க அவரிடம் சோதனைகள் இருந்தன. லோக்கலில் மூன்று பேர் உட்காரும் பலகையில் நாலாவது ஆள் வந்து கேட்டால் நகர்ந்து இடம் கொடுக்க வேண்டும். ரயில்வே சட்டத்தில் இல்லை, பம்பாய்ச் சட்டத்தில் உண்டு. கேட்டதும் மனிதன் என்ன செய்வான்? முதலில் காது கேட்காத மாதிரி இருப்பான். அப்புறம் மின்விசிறியைப் பார்ப்பான். கடைசியில் இரண்டு விரற்கடை நகர்வான். கேட்ட உடனே சிரித்துக்கொண்டு நகர்கிறவன் பூமியைச் சேர்ந்தவன் இல்லை. இது முதல் சோதனை. காலை மிதித்தால் கத்தாமல் இருக்கிறானா என்பது இரண்டாவது. இதை அவர் தன் மேனேஜரிடமே செய்து பார்த்தார். மேனேஜர் மூன்று பாஷையில் திட்டினாராம். "சுத்தமான மனுஷன், சந்தேகமே இல்லை" என்று வந்து சொன்னார்.

என்னைச் சோதிக்கவே இல்லை. "இவன் அக்மார்க் பூமிக்காரன். இவ்வளவு கோபம் வேற எந்தக் கிரகத்துலயும் விளையாது" என்று விட்டுவிட்டார்.

ஒருமுறை ஜன்னலோரம் தானாகச் சிரித்துக்கொண்டிருந்த ஒரு குஜராத்திக்காரரிடம் டிபன் டப்பாவைத் திறந்து இட்லியை நீட்டி, "இதெல்லாம் உங்க பக்கம் உண்டா?" என்று இந்தியில் கேட்டார். மயக்க மருந்து கொடுத்துத் திருடுகிற கும்பல் என்று அந்த ஆள் கூச்சல் போட, குர்லாவில் ஜனங்கள் மாமாவைச் சட்டையோடு தூக்கி இறக்கிவிட்டார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் மிச்சம் இருந்த ஆறு இட்லியையும் நானே தின்று காட்டித்தான் அவரை மீட்டேன். அரை நாள் லீவு போயிற்று. வெளியே வந்ததும், "பயந்துட்டான் பாரு, மனுஷன்தான்" என்றார். அடித்திருப்பேன்.

எண்பத்து நாலு வாக்கில் அந்த ஆள் வந்தான். முப்பது வயதிருக்கும். கசங்காத வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. செம்பூரில் ஏறுவான், கடைசி ஸ்டேஷனான வி.டி.யில் இறங்குவான். யாரோடும் பேச்சில்லை. முதல் நாள் மாமா அவனருகில் போய் நகரச் சொன்னார். அவன் நகரவில்லை, எழுந்தே நின்றுவிட்டான். மாமா எங்கள் பக்கம் திரும்பிக் கண்ணைக் காட்டினார். இரண்டாம் நாள் அவன் காலை மிதித்தார். அவன், "மன்னிச்சுக் கொள்ளுங்கோ" என்றான்.

"எங்கேர்ந்து வரேள்?" என்றார் மாமா மெதுவாக.

"அதைச் சொல்ல ஏலாது, ஐயா."

"திரும்பிப் போவேளா?"

"எங்க போறது? எல்லாத்தையும் எரிச்சுப் போட்டாங்கள். வீடு இருந்த இடமே இல்லை."

மாமா எங்களிடம் ஓடி வந்தார். "கிரகமே எரிஞ்சு போச்சாம்டா! தமிழ் மாதிரி பேசறார், ஆனா நம்ம தமிழ் இல்லை. கத்துண்டு வந்திருக்கார் பாவம்."

திருநெல்வேலியில் சிலோன் ரேடியோ கேட்டு வளர்ந்தவன் நான். எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. இலங்கையில் வீட்டைக் கொளுத்தி விரட்டியதில் தப்பி வந்தவன். வேறு நாட்டுக்குப் போக ஏஜெண்டை நம்பி அலைகிறான். அப்படிப் பலர் செம்பூர் லாட்ஜுகளில் இருந்தார்கள். காகிதம் இல்லாதவர்களைப் போலீஸ் பிடித்துத் திருப்பி அனுப்புகிறது என்றும் பேச்சிருந்தது. புரிந்தும் நான் மாமாவிடம் சொல்லவில்லை. நமக்கென்ன என்று இருந்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து மாமா அவனை எங்கள் கூட்டத்தின் நாலாவது சீட்டில் உட்கார வைத்தார். அது என் சீட்டு. இரண்டு வருஷம் நின்றுகொண்டே வந்து பிடித்த சீட்டு. மதராஸிகள் வெளியே போக வேண்டும் என்று இந்த ஊர்ச் சுவரில் எழுதியிருந்ததைப் படித்து வயிறெரிந்த ஆட்கள்தான் நாங்கள். ஆனால் எங்கள் பலகையில் புது ஆள் உட்கார்ந்தால் நாங்களும் அந்தச் சுவரில் எழுதின ஆட்கள்தான். நாலு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் கத்திவிட்டேன்.

"ஏவே, எந்திரியும்! யாருவே நீரு? எந்த ஊருவே? நாங்க என்ன இளிச்சவாயனுவளா?"

வண்டியே திரும்பிப் பார்த்தது. கதவருகில் நின்ற ஒரு கான்ஸ்டபிளும் திரும்பினார். அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருவதைப் பார்த்த பிறகுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது. அந்த ஆள் பிளாஸ்டிக் உறையை மார்போடு அணைத்துக்கொண்டான். அவன் உதடு வெளுத்துப் போயிற்று.

"கோன் ஹை யே? கஹான் ஸே ஆயா?" என்றார் கான்ஸ்டபிள். யார் இவன், எங்கிருந்து வந்தான்.

எல்லாரும் மாமாவைப் பார்த்தோம். பதினைந்து வருஷமாக இந்தக் கேள்விக்குத்தான் அவர் பதில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். நட்சத்திரத்திலிருந்து வந்தவர் என்று இப்போது சொல்லப்போகிறார், இரண்டு பேரையும் இறக்கிக் கொண்டு போகப்போகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "மேரா பாஞ்சா ஹை, சாப். தங்கை பிள்ளை. பாலக்காட்டிலேர்ந்து வந்திருக்கான். இந்தி வராது" என்றார், சுத்தமான பம்பாய் இந்தியில்.

"பேர்?"

மாமா அவனிடம் பேரே கேட்டிருக்கவில்லை. "கண்ணன்" என்றார், கண் இமைக்காமல்.

கான்ஸ்டபிள் என் பக்கம் திரும்பினார். "நீதானே இவனைப் பார்த்துக் கத்தினாய்? உனக்கு இவனைத் தெரியாதா?"

"தெரியும், சாப்" என்றேன். "இவன் அம்மாவையும் தெரியும். சீட்டுக்காகச் சண்டை, அவ்வளவுதான்."

"மதராஸி லோக்" என்று தலையில் அடித்துக்கொண்டு அவர் சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கிப் போனார்.

வி.டி. பிளாட்பாரத்தில் மாமாவைத் தூணோரம் இழுத்தேன். "ஏன் மாமா பொய் சொன்னீங்க?"

"பின்னே? புடிச்சுண்டு போய் அறுத்து ஆராய்ச்சி பண்ணிடுவாடா. நம்மை நம்பி அவ்வளவு தூரத்திலேர்ந்து வந்திருக்கார்."

இனியும் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. "மாமா, அவரு சிலோன்காரரு. தமிழரு. வீட்டைக் கொளுத்திட்டாங்க, ஓடி வந்திருக்காரு. நம்மள மாதிரி மனுஷன்தான்."

மாமா, தள்ளி நின்ற அந்த ஆளையே பார்த்துக்கொண்டு நின்றார். தேர்வு எழுதித் தோற்ற பையனுடைய முகம் மாதிரி இருந்தது. அப்புறம் கேட்டார்:

"அப்போ... சாப்பாட்டுக்கு என்ன பண்றார்?"

அன்று சாயங்காலமே அவனைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார். ஒரே அறையும் சமையலறையும் உள்ள வீடு. மாமி முதலில் கேட்டது, "தட்டுல வந்தவரா, வண்டில வந்தவரா?" என்றுதானாம். கண்ணன் நாலு மாதம் அங்கே இருந்தான். பிறகு ஜெர்மனிக்குப் போனான். போகிற அன்று தன் நிஜப் பெயரைச் சொன்னானாம். மாமா எங்களிடம் சொல்லவில்லை. "கண்ணனே இருக்கட்டும்டா" என்றார்.

அவன் போனபின் வண்டியில் மாமா தேடுவதில்லை. பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்குக் கிடைத்த ஒரே வேற்றுக்கிரகவாசியை மனிதனாக்கிவிட்டவன் நான்தான். ஒரு வாரம் பார்த்தேன். எட்டாம் நாள் தாங்கவில்லை.

"மாமா, அந்தக் கோடியில பாருங்க. பச்சைச் சட்டை. ஒரு ஆளு ஏறும்போது வழிவிட்டு நின்னான்."

பேப்பர் மெதுவாகத் தாழ்ந்தது. "எங்கடா?"

அன்றிலிருந்து அவர் ஓய்வு பெறும் வரை, தினம் காலையில் நெரிசலில் நசுங்கிக்கொண்டு, அவருக்காக நான் ஒரு ஆளைத் தேடிப் பிடித்து வைத்திருப்பேன்.