நரம்புக்காரரின் கோலமாவு

பிரம்மா, விஷ்ணுவின் கர்வத்தை அடக்கியவர் அண்ணாமலையார். திருவண்ணாமலையில் மற்ற அத்தனை பேரின் கர்வத்தையும் அடக்கியவர் நரம்புக்காரர்தான். எழுபதுகளின் கடைசியில் தெருவுக்குத் தெரு பூப்பந்து ஆடிய ஊர் அது. தேரடிப் பக்கம் சைக்கிள் கடை ஓரத்தில் உட்கார்ந்து பேட்டுக்கு நரம்பு கட்டுவார். அவர் பெயர் என்ன என்று நாங்கள் யாரும் கேட்டதே இல்லை.

போய்க் கேட்டவுடன் அவரிடம் பேட் கிடைக்காது. மஞ்சள் பந்தைக் கோலமாவில் புரட்டி வீசுவார். பத்துப் பந்து அடித்துக் காட்ட வேண்டும். பிறகு மாவு எங்கெங்கே ஒட்டியிருக்கிறது என்று, டாக்டர் எக்ஸ்ரே பார்ப்பதுபோல் பேட்டைத் தூக்கிப் பார்ப்பார். நடுவிலேயே ஒட்டியிருந்தால் விறைப்பான நரம்பு. சிதறியிருந்தால் அகலமான தலை, தளர்ந்த நரம்பு. ஓரத்தில் பட்ட பந்தைக்கூட அது எப்படியாவது வலைக்கு அந்தப் பக்கம் சேர்த்துவிடும்.

வேலூர் ஆட்டக்காரர்கள் வைத்திருப்பதுதான் வேண்டும் என்று ஒரு தாசில்தார் வந்தார். பத்துப் பந்து முடிந்ததும் மாவு பேட்டின் விளிம்பில் இருந்தது, பிடியில் இருந்தது, தாசில்தாரின் சட்டையிலும் இருந்தது.

"சார், அந்த பேட்டுல நீங்க அடிச்சா பந்து நேரா போவாது, கிரிவலம்தான் போவும். இத எடுத்துக்குங்க. இது உங்க தப்ப பொறுத்துக்கும்."

தாசில்தார் முறைத்தார். ஆனாலும் எடுத்துக்கொண்டார். அந்த வருஷம் அலுவலகப் போட்டியில் ஜெயித்தும் விட்டார்.

அடுத்தது நான். கீழ்பென்னாத்தூர் அணியோடு எங்களுக்கு இறுதி ஆட்டம். எங்கள் ஐந்து பேரில் நான்தான் சூரன் என்று எனக்கொரு நினைப்பு. மாவோ பேட் முழுக்கச் சிதறிக் கிடந்தது.

"நைனா, ஒனக்குத் தப்பு ஜாஸ்தி. தாசில்தார் பேட்டுதான் சரி."

கூட வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். "கோர்ட்டுல கால் வைக்காத ஆளுக்கு இன்னாய்யா தெரியும்?" என்றேன், என்னைவிட முப்பது வயது மூத்தவரைப் பார்த்து. வேலூருக்கே போய் விறைப்பான பேட் வாங்கி வந்தேன்.

ஆட்டத்தன்று, துண்டில் சுற்றிய பேட்டோடு கோட்டுக்கு வெளியே நின்றிருந்தார். இடைவேளையில் அதை என்னிடம் நீட்டினார்.

"ஒனக்குன்னு கட்னது. இதுல ஆடு நைனா."

நான் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டு தண்ணீர் குடித்தேன். எவ்வளவு கேவலமாக நடந்துகொண்டேன்.

கடைசிப் பாயின்ட். பந்து என்னிடம்தான் வந்தது. டொக்கென்று பேட்டின் மரத்தில் பட்டு வெளியே போய் விழுந்தது. கோப்பை கீழ்பென்னாத்தூர் வேனில் ஏறியது. எங்கள் ஆட்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "மரத்துலதான அடிச்ச?" என்றான் கேப்டன்.

நரம்புக்காரர் வந்து என் பேட்டை வாங்கி, வழக்கம்போல் தூக்கிப் பார்த்தார்.

"நடுவுலதாம்பா பட்டுக்குது. காத்து தள்ளிருச்சு. அவன் இன்னா பண்ணுவான்?"

பேட் விஷயத்தில் அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. என்னை விட்டுவிட்டார்கள்.

நான் பேட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினேன். அப்புறம் வெட்கத்தில் தேரடிப் பக்கமே போகாமல் சுற்றிப் போனேன். வேலை கிடைத்து வெளியூர் போய், சில வருஷம் கழித்து மன்னிப்புக் கேட்கும் துணிச்சலோடு வந்தபோது, அவர் உட்காரும் இடத்தில் சைக்கிள் டயர்கள் தொங்கின. "அவரு தவறி ஒரு வருஷம் ஆவுதுங்க" என்றார் கடைக்காரர்.

தாசில்தாரிடம்கூடப் பொய் சொல்லாத மனிதர், எனக்காக ஒன்று சொன்னார். அன்று மைதானத்து வேப்பமரத்தில் ஒரு இலைகூட அசையவில்லை.