பொருளக்கா எழுதிய கலெக்டர்

உலகத்தின் எந்தத் துயரத்தையும் ஒற்றை வரியில் அடக்கிவிடக்கூடிய ஒரே மனுஷி பொருளக்காதான். வெள்ளமோ வறட்சியோ மாமியாரோ, யார் எதைச் சொல்லி அழுதாலும் "பொருள் என்ன? அதைச் சொல்லுங்க மொதல்ல" என்பார். மனு எழுதுவது தொழில். அரியலூர்ப் பக்கம் ஒரு பெரிய ஆபீஸ் வாசலில், புங்கமர நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி, மடியில் பரீட்சை அட்டை. எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். எனக்கு இன்னும் அங்கே வேலை இருக்கிறது. எதிரே என் ஜெராக்ஸ் கடை. அவர் கையால் எழுதுவார், நான் தட்டச்சு செய்து கொடுப்பேன். சிமெண்டு லாரிகள் போகப்போக, காலையில் கறுப்பாக வரும் எங்கள் தலைகள் சாயங்காலத்துக்குள் கிழடு தட்டிவிடும்.

மனுவின் வடிவம் அக்காவின் ரத்தத்தில் ஏறிப்போயிருந்தது. ஒருமுறை டாக்டரிடம் போனார்.

"என்னம்மா செய்யுது?"

"பொருள், முழங்கால் வலிங்க. பார்வை, போன மாசம் நீங்க குடுத்த மாத்திரைங்க."

ஆபீஸ் கடிதத்தில் 'பார்வை' என்றால் முந்தைய கடிதம். டாக்டருக்கு அது எப்படித் தெரியும்? கண் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிவிட்டார். அக்காவும் மறுக்காமல் போய்க் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். முழங்கால் அப்படியேதான் இருந்தது. "போகட்டும் தம்பி, இப்ப வலி நல்லாத் தெரியுது" என்றார்.

இதெல்லாம் வெளிவேஷம். அக்காவின் உயிர் வேறிடத்தில் இருந்தது. ஏழு மணி டி.வி. தொடரில் நடக்கும் அநியாயங்களை அவரால் பொறுக்க முடியவில்லை. அதனால் அதே கதையைத் தானே திருத்தி எழுதி, ரசிகைகளின் வாட்ஸப் குழுவில் வாராவாரம் போட்டார். தட்டச்சு, அடியேன். அவர் திருத்திய கதையில், தொடரில் இல்லாத ஒருத்தி வந்து இறங்கினாள். கலெக்டர் நிலாமதி, இ.ஆ.ப.

வயது இருபத்தேழு. ஏழு மொழி பேசுவாள். அவள் நடந்தால் புழுதி பறக்காது, பணிந்து படுக்கும். அழுதால் மூக்கு சிவக்காது. மருமகள் கண்ணைக் கசக்கும்போதே ஜீப் வந்து நிற்கும், பச்சை மையில் ஒரு கையெழுத்து, மாமியார் திருந்திவிடுவாள். கதாநாயகன், பாவம், கட்டிய மனைவியை மறந்து இவளிடம் மனதைத் தொலைத்தான். நிலாமதி அனுப்பிய பதிலை என் விரல்கள்தான் அடித்தன: "பொருள்: தங்கள் காதலை ஏற்க இயலாமை – தொடர்பாக."

அந்தத் தொடர் முடிந்து, ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ராஜா ராணித் தொடர் ஒன்று தொடங்கியது. நிலாமதிக்கு இனி வேலையில்லை என்று நினைத்தேன். மறுவாரமே அரண்மனையில் குறைதீர் கூட்டம் நடத்திக்கொண்டிருந்தாள். ராஜா டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றார். ஜீப்புக்குப் பதில் வெள்ளைக் குதிரை, அவ்வளவுதான்.

நிலாமதியின் இடது தாடையில் ஒரு மச்சம் உண்டு. அக்காவுக்கும் அங்கேயே உண்டு.

"அக்கா, இது நீங்கதானே?"

"போ தம்பி. அவங்க ஐ.ஏ.எஸ்., நான் பத்தாவது பெயிலு."

"அப்ப மச்சம்?"

"வேற யாருக்கும் மச்சம் இருக்கக் கூடாதா? பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுல நேர்ல பாத்திருக்கேன்ப்பா. நெசமாவே இருக்காங்க."

குழுவிலும் அப்படியே சொல்லிவைத்திருந்தார். பெண்கள் நம்பினார்கள். ஒருத்தி தன் மகள் கல்யாணப் பத்திரிகையை அனுப்ப நிலாமதியின் விலாசம் கேட்டாள்.

அப்போதுதான் ஆண்டிமடத்துப் பக்கத்திலிருந்து சின்னப்பொண்ணு வந்தாள். அவளுடைய முந்திரிக்காட்டுக்குப் போகிற பாதையைப் பக்கத்துக் காட்டுக்காரன் முள்வேலி போட்டு அடைத்துவிட்டான். கொட்டை உதிரத் தொடங்கியிருந்தது. அந்த வாரத்துக்குள் பாதை திறக்காவிட்டால் ஒரு வருஷத்து விளைச்சல் மண்ணோடு போய்விடும். அக்கா இரண்டு பக்க மனு எழுதினார். கூடவே, அங்கேயே உட்கார்ந்து எழுதி முடித்த அந்த வாரத்துக் கதையையும் நீட்டினார். அவசரத்தில் இரண்டையும் அடித்து, பிரிண்ட் எடுத்து, பின் போட்டேன். மனுவின் முதல் பக்கத்தோடு கதையின் இரண்டாம் பக்கத்தைச் சேர்த்துவிட்டேன். இரண்டிலுமே சின்னப்பொண்ணு இருந்தாள், இரண்டிலுமே முள்வேலி இருந்தது. நான் என்ன செய்வேன்?

அரை மணி நேரத்தில் உள்ளேயிருந்து ஆள் வந்தது. மனு வாங்கும் மேடம் எங்களைக் கூப்பிடுகிறாராம். போனோம். சின்னப்பொண்ணு மேஜை முன்னால் நின்றிருந்தாள். மேடம் உரக்கப் படித்தார்:

"வெண்புரவியிலிருந்து குதித்த கலெக்டர் நிலாமதி, மலரினும் மெல்லிய கரங்களால் முள்வேலியைப் பிடுங்கி எறிந்தாள். பாதை திறந்தது. சின்னப்பொண்ணு ஆனந்தக் கண்ணீர் வடித்தாள்."

வரிசையே சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை.

"பாதை தெறந்தாச்சுன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே. குறை தீர்ந்ததுன்னு முடிச்சிடலாமா?" பேனாவைத் திறந்தார்.

"ஐயோ, தெறக்கலீங்க! கொட்டையெல்லாம் மண்ணுல கெடக்குதுங்க!" என்று சின்னப்பொண்ணு அலறினாள்.

"அப்ப யாரு இந்த நிலாமதி? எந்த ஊரு கலெக்டர்?"

"மேடம், பக்கம் மாறினது என்னோட தப்பு…" என்று ஆரம்பித்தேன்.

"உங்களைக் கேக்கல."

வரிசையில் குழுவின் ரசிகைகள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அக்கா அவர்களைப் பார்த்தார். 'டிரான்ஸ்பர் ஆயிட்டாங்க மேடம்' என்று ஒரு பொய் போதும், நிலாமதி பிழைத்துக்கொள்வாள். பாதை பிழைக்காது. வாராவாரம் வாசலில் வந்து தீராமல் திரும்பிய குறைகளைத்தான் அக்கா நிலாமதியிடம் கொண்டுபோய்த் தீர்த்துக்கொண்டிருந்தார் என்பது அந்த நொடியில்தான் என் மரமண்டைக்கு உறைத்தது.

"அப்படி ஒருத்தங்க இல்லீங்க மேடம்," என்றார் அக்கா. "நானா எழுதுனது."

"அப்ப பொருள் என்ன?"

"பாதைங்க. அது அடைச்சிக் கெடக்கு. அது ஒண்ணுதான் நெசம்."

மேடம் பேனாவை மூடினார். சரியான பக்கத்தை எடுத்துவர ஓடினேன்.

அடுத்த திங்கள், சின்னப்பொண்ணு ஒரு பை நிறைய முந்திரிப் பழத்தோடு வந்தாள். "யக்கா, ஒன் ஆளு வரல. சர்வேயருதான் வந்தாரு, மொபட்டுல. வேலிய அவரு தொடக்கூட இல்ல. போட்டவனையே புடுங்க வெச்சிட்டாரு!"

அக்கா சிரித்தார். ஆனால் மூன்று வாரம் கதை எழுதவில்லை. அந்த இரண்டு ரசிகைகளும் குழுவில் மூச்சு விடவில்லை. 'நிலாமதி மேடம் லீவுல இருக்காங்களா?' என்று மட்டும் கேட்டார்கள்.

நான்காம் வாரம் தாளை நீட்டினார். "அடிச்சுக் குடு தம்பி. பக்கத்த மாத்திப்புடாத."

படித்தேன். நிலாமதிக்கு ஐம்பத்து மூன்று வயதாகியிருந்தது. குதிரையைக் காணோம். செந்துறை பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள்.

"இது ராஜா காலமாச்சே, பஸ் ஏதுக்கா?"

"குதிரை ஏற முழங்கால் மடங்கணுமே தம்பி."

பஸ்ஸில் நல்ல கூட்டம். செந்துறை வரைக்கும் நிலாமதி கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போவதாக எழுதியிருந்தார். நான் அடிக்கும்போது, ஜன்னலோரம் ஒரு சீட்டைக் காலி செய்து அவளை உட்காரவைத்தேன்.