ரோகிணிக் குழாயில் ஒட்டிய கிருமிகள்

கரமனை,
15-11-1998

அன்பும் மரியாதையும் மிக்க விஜயம் சித்திக்கு,

ஸ்ரீலட்சுமி எழுதுவது. இங்கே அம்மா சுகம், நானும் பார்ப்பதற்குச் சுகம். நாகர்கோவிலில் நீங்களும் சித்தப்பாவும் சுகமாக இருக்க வேண்டும். முக்கியமாக, இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும்.

நீங்கள் பேசி முடித்த சம்பந்தத்தின் நிச்சயத்தைத் தை மாதத்திலிருந்து கொஞ்சம் தள்ளிப்போட முடியுமா? பத்மகுமார் மேல் எந்தக் குறையும் இல்லை. படிக்கிறவர், நான் பேசாமல் இருந்தால் தானும் பேசாமல் இருக்கத் தெரிந்தவர். குறை அவருடைய மூக்கில் இருக்கிறது. வெளியே அல்ல, உள்ளே.

என் ஆராய்ச்சி என்னவென்று நீங்கள் கேட்டதில்லை, இப்போது கேட்டுத்தான் ஆக வேண்டும். நாம் மூச்சுவிடும் வழியின் உள்பக்கம் முழுவதும் செல்கள் ஓடு பாவியது போல நெருக்கமாக இருக்கின்றன. மேலே சளி; அதில் சிக்கும் கிருமியைச் செல்களின் நுண்ணிய மயிர்கள் தொண்டைப் பக்கம் தள்ளிவிடும். தப்பித்துச் செல்லைத் தொட்டுவிடும் கிருமி, அதன் மேலிருக்கும் சர்க்கரையைப் பற்றிக்கொள்ளும். பிறகு கழுவினாலும் போகாது. எல்லாருடைய செல்லிலும் ஒரே அளவு பற்றுவதில்லை. அதை எண்ணுவதுதான் என் வேலை. சின்னத் தூரிகையால் மூக்கின் உள்சுவரை வருடிச் செல்களை எடுத்து, ஆளுக்கொரு குழாயில் போட்டுக் கிருமியைக் கலந்து வைப்போம். குழாயில் பெயர் எழுதக் கூடாது. எண் போடலாம் என்றேன். ஆய்வகத்தில் உதவிக்கு இருக்கும் ஷிஜாதான், "நம்பர் மறந்துபோகும் சேச்சி. நாளு எழுதினா மதி. சொந்தம் நாளு ஆரு மறக்கும்?" என்றாள். நாள் என்றால் இங்கே பிறந்த நட்சத்திரம்; மதி என்றால் போதும். அர்ச்சனைச் சீட்டு எழுதிப் பழகிய ஊர், ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. ஒரே நட்சத்திரத்தில் இரண்டாமவர் வந்தால் காப்பி கொடுத்துத் திருப்பி அனுப்பினோம்.

போன வாரம் என்னைப் பார்க்க வந்த பத்மகுமாரையும் ஷிஜா விடவில்லை. "சாரே, மூக்கு கொஞ்சம் தரணும் கேட்டோ" என்றாள். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் வெட்கத்தில் வெளியே போய்விட்டேன். நேற்று எண்ணினேன். மற்றக் குழாய்களில் செல்லுக்கு நாலைந்து கிருமி. ரோகிணியில் செல்லே கண்ணுக்குத் தெரியவில்லை. பண்டிகைக்கு முந்தின நாள் தம்பானூரிலிருந்து கிளம்புகிற பஸ் மாதிரி படியில், ஜன்னலில், கூரையில் எல்லாம் தொங்குகின்றன. ரோகிணி யாரென்று நான் ஷிஜாவிடம் கேட்கவில்லை. கேட்டால் ஏன் என்பாள். அதோடு, நீங்கள் கொண்டுவந்த அவர் ஜாதகத்தில்தான் கொட்டை எழுத்தில் இருக்கிறதே!

அப்போதிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை சித்தி. சாதாரண ஜலதோஷம் அவருக்கு மட்டும் நிமோனியா ஆகிவிட்டால்? பிள்ளைகளுக்கும் அதே செல் வந்தால்? காலையில் போனில் இருமினார். "டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றேன். "முறுக்கு தின்னதுக்கு எதுக்கு டாக்டரு?" என்கிறார். அம்மாவிடம் சொன்னால் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். பிடிக்கவில்லை என்று பொய் சொல்லலாம் என்றால், பிடித்திருக்கிறது, அதுதான் தொந்தரவு. அதனால் நீங்களே ஏதாவது காரணம் சொல்லித் தள்ளிப்போடுங்கள். காரணம் கண்டுபிடிப்பதில் உங்களுக்கு இணை யார்?

சித்தப்பாவுக்கு என் வணக்கம். மழையில் அவரை மஃப்ளர் இல்லாமல் வெளியே விடாதீர்கள். நீங்கள் இருவரும் நூறாண்டு சளி பிடிக்காமல் வாழ வேண்டும்.

உங்கள் பாதம் பணியும்,
ஸ்ரீலட்சுமி

பின்குறிப்பு: உறையை மூடுவதற்குள் பத்மகுமார் வந்துவிட்டார். மனம் தாங்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "ரோகிணியா? நான் ஆயில்யம்லா" என்றார். "அப்ப ஜாதகம்?" "அது ஒங்க சித்தி மாத்தி எழுதச் சொன்னது. ஆயில்யம் மாமியாருக்கு ஆகாதுன்னு அக்கா வாசப்படி ஏத்த மாட்டான்னாவ. ஒங்களுக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன்." ஆயில்யக் குழாயில் செல்லுக்கு மூன்று கிருமிகூடத் தேறாது. ஷிஜாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன்; ரோகிணி, எங்கள் பேராசிரியர் சரசம்மாவாம். அவர் இருமி எங்கள் ஆய்வகத்தில் யாரும் கேட்டதில்லை. நிச்சயம் தையிலேயே இருக்கட்டும். அம்மாவிடம் மூச்சு விடமாட்டேன். மேலே எழுதியதைக் கிழித்துப் போடத்தான் நினைத்தேன். ஆனால் நான் பட்ட பயத்தில் பாதியாவது நீங்கள் படட்டும் என்று அப்படியே அனுப்புகிறேன்.